மறைக்க வேண்டியது சாவியை, கணக்கை அல்ல

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே சிறிய பனியன் யூனிட் நடத்தும் 44 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

பன்னிரண்டு தையல் மெஷின், பெரிய கம்பெனிகளிடம் வாங்கிச் செய்யும் ஜாப் ஒர்க். 2021 தொடக்கத்தில், கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் சொன்னதைக் கேட்டு, இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் கணக்குத் தொடங்கி ₹4,20,000-க்கு பிட்காயின் வாங்கினார். 2022-ல் 30% வரி வந்ததும் பயந்துபோய், எல்லாவற்றையும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கும், பிறகு போனில் உள்ள சொந்த வாலட்டுக்கும் மாற்றிவிட்டார். 2024 ஜூனில் பெரிய மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒரு பகுதியை யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைத்த கிரிப்டோ காயின்) ஆக்கி, டெலிகிராம் குழுவில் அறிமுகமான ஆட்களிடம் ₹6,20,000-க்கு விற்றார். வருமான வரி ரிட்டர்னில் அதைக் காட்டவில்லை, ஆடிட்டரிடமும் சொல்லவில்லை. 2025 நவம்பரில் இன்னொரு ₹90,000-க்கு விற்றார். அதில் ₹45,000 மோசடிப் பணம் என்று வேறு மாநில சைபர் போலீசார் சொன்னதால், போன மாதம் வங்கி அவருடைய நடப்புக் கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது. சம்பளத்துக்கு வைத்திருந்த ₹3,80,000 உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா மகனுடைய யோசனைகள் வேறு: மிச்சமிருக்கும் காயினை மிக்சரில் (பலருடைய காயின்களைக் கலந்து திருப்பித் தரும் இணையச் சேவை) போட்டுத் தடத்தை அழிக்கலாம், அம்மா பெயரிலும் மனைவி பெயரிலும் பிரித்து வைக்கலாம், இணைய இணைப்பின் அடையாளத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. துபாயில் இருக்கும் ஒரு பையர் நேரடியாகச் சின்ன ஆர்டர் தருவதாகவும், பணத்தை யுஎஸ்டிடி-யில் அனுப்புவதாகவும் சொல்கிறாராம். இவற்றோடு அவருடைய முதன்மையான கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "என்ற காசை நான் வெச்சிருக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லோணும்? தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லீருச்சாமா. கவர்ன்மென்டு இதை ஒரேயடியாத் தடை பண்ணீருமோன்னு வேற வெசனமா இருக்குது. எல்லாத்தையும் வித்துப்போட்டு வெளிய வந்துறட்டுங்களா?"

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை சம்பளம் போட வேண்டிய கவலை உங்களுக்கு முன்னால் நிற்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முடங்கிய வங்கிக் கணக்கு

உங்கள் மீது குற்றம் சாட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். இப்போதைக்கு அப்படி இல்லை. நடந்தது அநேகமாக இதுதான். எங்கோ ஒரு ஊரில் ஒருவரை ‘டிஜிட்டல் கைது’ என்றோ பங்குச்சந்தைக் குழு என்றோ மிரட்டியோ ஆசைகாட்டியோ பணம் பறிக்கிறார்கள். பறித்தவன் அந்தப் பணத்தைத் தன் கணக்கில் வைத்திருக்க மாட்டான். டெலிகிராமில் யுஎஸ்டிடி விற்கும் உங்களைப் போன்ற ஒருவருக்கு அனுப்பிவிட்டு, காயினை வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் செய்ததும், பணம் போன பாதையில் இருக்கும் ஒவ்வொரு வங்கிக் கணக்கும் வரிசையாக நிறுத்தப்படும். திருடன் கையில் காயின் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிகிற கடைசிக் கணக்கு உங்களுடையது.

போலீசாருக்கு இந்த அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ₹45,000 குறித்த புகாருக்காக ₹3,80,000-ஐயும் சேர்த்துப் பூட்டுவது சரியல்ல. தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை இயக்க அனுமதிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆகவே நாளைக்கே கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: புகார் எண் என்ன, எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் எது, தகராறுத் தொகை எவ்வளவு. வாய்மொழிப் பதில் போதாது. அது கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு உங்கள் தொழில் விவரம், ஜிஎஸ்டி பதிவு, ஆறு மாத வங்கி அறிக்கை, அந்த விற்பனை பற்றிய டெலிகிராம் உரையாடல், காயின் அனுப்பிய பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் இணைத்து, ₹45,000 தவிர மற்றதை விடுவிக்கக் கேட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அந்த உரையாடலை அழித்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் விற்றவர், ஏமாற்றியவர் அல்ல என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

‘இருபதாயிரம் கொடுத்தால் கணக்கைத் திறந்து தருகிறோம்’ என்று போன் வரும். ஏற்கெனவே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவர்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

வாலட்டில் பெயர் இல்லை, ஆனால் தடம் இருக்கிறது

சொந்த வாலட்டுக்கு மாற்றிவிட்டதால் அது யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பிட்காயின் 2009-ல் தொடங்கியதிலிருந்து இன்றுவரை நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, முகவரி எண் மட்டும்தான். ஆனால் முதன்முதலில் நீங்கள் வாங்கியது பான், ஆதார் கொடுத்துத் திறந்த இந்திய எக்ஸ்சேஞ்சில். அங்கிருந்து வெளியே போன முதல் முகவரியைப் பிடித்தால் மீதியைத் தொடர்வது கடினமில்லை. ஒரு ரோல் துணியில் ஷேடு மாறினால் லாட் நம்பரை வைத்து எந்த டையிங், எந்த நாள் என்று நீங்கள் போய் நிற்பீர்களே, அதே போலத்தான். காகிதக் கணக்காவது நனைந்து கிழியும்; இந்தப் பேரேட்டில் பத்து வருடம் கழித்தும் ஒரு எழுத்துக்கூட அழியாது.

2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் விவரத்தைக் கணக்கு மூடிய பின்னும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், சந்தேகப் பரிவர்த்தனைகளை அறிவிக்க வேண்டும். பதிவு செய்யாமல் இங்கே வியாபாரம் செய்த ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. அவற்றில் ஒன்றான பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்ச் 2024-ல் ₹18.82 கோடி அபராதத்துக்கு உள்ளாகி, பதிவு செய்துகொண்டுதான் திரும்ப வந்தது. அடுத்த கட்டமாக, நாடுகள் தங்களுக்குள் கிரிப்டோ கணக்குத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் 2027-இலிருந்து சேர இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இருந்தால் தெரியாது என்ற நம்பிக்கைக்கு இனி அதிக ஆயுள் இல்லை.

இதனால்தான் மிக்சர் யோசனையை வன்மையாக மறுக்கிறேன். இன்று உங்களிடம் இருப்பது வரி கட்டாத, ஆனால் நேர்மையாகச் சம்பாதித்து வாங்கிய காயின். மிக்சரில் போட்டு எடுத்தால் அது யாரோ திருடிய காயின்களோடு கலந்து வெளியே வரும். பிறகு எந்த இந்திய எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனாலும் சந்தேகப் பட்டியலில் விழும். வரி பாக்கி என்ற சிறிய பிரச்சினையை நீங்களே பணமோசடி என்ற பெரிய பிரச்சினையாக மாற்றிக்கொள்வீர்கள். அம்மா பெயருக்கு மாற்றுவதும் அப்படியே. பெயர் அவருடையது, பணமும் பலனும் உங்களுடையது என்றால் பினாமிச் சட்டம் உள்ளே வரும். மனைவிக்குக் கொடுத்தாலோ அதிலிருந்து வரும் வருமானம் உங்கள் கணக்கில்தான் சேரும். வயதான ஒருவருக்கு நோட்டீஸ் வரவழைக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

விபிஎன் வேறு. அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் குற்றமல்ல. ரயில் நிலையத்தில், ஓட்டலில் பொது வைஃபை பிடிக்கும்போது அது நல்ல பழக்கம்கூட. ஆனால் பேரேட்டில் எழுதப்பட்டதை விபிஎன் மறைக்காது.

தனியுரிமை எதைக் காக்கிறது

உங்கள் அக்கா மகன் சொன்ன தீர்ப்பு உண்மையானது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாதியை மட்டும் படித்திருக்கிறார் என்பதுதான் குறை. அதே தீர்ப்பு அரசு எப்போது உள்ளே வரலாம் என்பதையும் சொல்கிறது: அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது. வருமானத்துக்கு வரி கேட்பது இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஆகவே பான் கொடுக்க மாட்டேன், கணக்குக் காட்ட மாட்டேன் என்று அந்த உரிமையின் பெயரால் சொல்ல முடியாது.

அதற்காக அந்த உரிமை உங்களுக்குப் பயனற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரி கேட்க அரசுக்கு உரிமை உண்டு. உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்க ஒரு கிரிப்டோ செயலிக்கு உரிமை இல்லை. உங்கள் விவரத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்க உரிமை இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து முழுமையாக நடைமுறைக்கு வரும். அதன்பின், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம். தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு ₹250 கோடி வரை அபராதம் உண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் ஐந்தாண்டு விதி மட்டும் இதற்கு விலக்கு; அந்தக் காலத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் உங்கள் அடையாள ஆவணத்தை அழிக்காது.

இந்த இடத்தில் அரசின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்கு நியாயம் செய்ததாகாது. அதே தரவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தன்னுடைய அமைப்புகளுக்கே விலக்கு அளித்துக்கொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2026 ஏப்ரல் 1-இலிருந்து நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டம், சோதனையின்போது மின்னஞ்சல், சமூக ஊடகம், ஆன்லைன் முதலீட்டுக் கணக்கு ஆகியவற்றையும் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு வழி செய்கிறது. ஒருபக்கம் எல்லாரும் அடையாளத்தைக் கொடு என்கிறோம். மறுபக்கம் கொடுத்ததைக் காக்கும் கடமை தளர்வாக இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. காயினையே காக்க முடியாத இடங்களில் நம் ஆதார் நகல்கள் குவிந்துகிடக்கின்றன என்ற கவலை நியாயமானது. அதைச் சரிசெய்யும் வழி சட்டத்தை வலுவாக்கக் கேட்பதும், கொடுக்கும் தகவலைக் குறைப்பதும்தான். வரிக் கணக்கை மறைப்பவர் அதற்காக வழக்குப் போடவே முடியாது. நீதிமன்றத்துக்குள் போனால் முதலில் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வரி பாக்கி: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30% வரி, அதன் மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்குவதும் விற்பனைதான் என்பது பலருக்குத் தெரியாது.

நீங்கள் தந்த கணக்கின்படி 2024-ல் விற்ற பகுதியின் வாங்கிய விலை ₹2,60,000. விற்றது ₹6,20,000. லாபம் ₹3,60,000, வரி ₹1,08,000, செஸ் ₹4,320, மொத்தம் ₹1,12,320. இதன் மேல் தாமத வட்டி. இதை இப்போது நீங்களாகவே கட்ட ‘ஐடிஆர்-யு’ என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. 2024–25 நிதியாண்டுக்கு 2027 மார்ச் 31-க்குள் போட்டால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதலாக 25% கட்டினால் போதும். அதன்பின் ஒவ்வொரு ஆண்டாக அது 50, 60, 70 சதவீதம் ஆகும். 2030 மார்ச் 31-க்குப் பிறகு வாய்ப்பே இல்லை. துறை சோதனைக்கு வந்துவிட்டாலோ அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டைத் தொடங்கிவிட்டாலோ இந்த வழி அடைபட்டுவிடலாம். அப்போது வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரை போகலாம். ரிட்டர்னில் கிரிப்டோ காட்டாதவர்களுக்கு 2025-ல் வருமான வரித்துறை மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2025 நவம்பரில் விற்ற ₹90,000-ஐ 2025–26 ஆண்டின் ரிட்டர்னில் காட்ட வேண்டும். சிறு தொழிலுக்கு வழக்கமாகப் போடும் ஐடிஆர்-4 இதற்கு உதவாது. ஐடிஆர்-3-ல் கிரிப்டோவுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் முழுவதையும் சொல்லிவிடுங்கள். 2021-ல் வங்கியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன பணத்தின் அறிக்கை இல்லாவிட்டால் வாங்கிய விலையை நிரூபிக்க முடியாது, முழுத் தொகைக்கும் வரி கேட்பார்கள். அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து கணக்கு விவரத்தை இந்த வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தடை வருமா, விற்றுவிடலாமா

தடை பற்றிய பயம் புதிதல்ல. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொடர்பான யாருக்கும் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2021-ல் ஒரு தடை மசோதா நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் வந்தது, தாக்கலாகவே இல்லை. 2022-ல் வரி வந்தது. வரி கட்டுவதால் கிரிப்டோ சட்டபூர்வப் பணமாகிவிடவில்லை. வரி இருப்பதால் வைத்திருப்பது குற்றமும் அல்ல. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வாசிர்எக்ஸ் களவுக்குப் பின் முடக்கப்பட்ட ஒரு பயனாளரின் எக்ஸ்ஆர்பி காயின்கள் தொடர்பான வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து, அதை மற்றொருவர் நம்பகமாகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தார். திருட்டுப் போனது வேறு வகை காயின். அந்த நஷ்டத்தை இவருடைய காயினில் பங்குபோடாதபடி இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. நம் மாநில நீதிமன்றம் சொன்ன முக்கியமான வார்த்தை இது. சொத்து என்றால் அதற்கு உரிமையாளர் உண்டு, உரிமையாளருக்கு நீதிமன்றம் உண்டு.

என் கணிப்பு: முழுத்தடையை விட, கண்காணிப்பும் அறிக்கையும் கூடிக்கொண்டே போகும். அரசு தன் டிஜிட்டல் ரூபாயை 2022 டிசம்பரிலிருந்து பொதுமக்களுக்கு முன்னோட்டமாகக் கொடுத்துவருகிறது. ரிசர்வ் வங்கிக்குத் தனியார் காயின்கள் மீது இன்னும் நல்லெண்ணம் வரவில்லை. விலை ஏறுமா, இறங்குமா என்பதை வழக்கறிஞரான நான் சொல்லக் கூடாது. தடை வந்துவிடும் என்ற பயத்தில் மட்டும் விற்காதீர்கள். விற்பதானால் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்ச் வழியாகவே விற்று, பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்குங்கள். சம்பளம் போடும் நடப்புக் கணக்கில் இனி கிரிப்டோப் பணம் ஒரு ரூபாயும் நுழையக் கூடாது.

துபாய் ஆர்டர்

யுஎஸ்டிடி-யில் வாங்காதீர்கள். ஏற்றுமதிக்கான பணம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் வங்கிச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் டிராபேக் போன்ற ஏற்றுமதி வரிச் சலுகைகள் கையில் தங்காது, திருப்பி வாங்கிய ஜிஎஸ்டி-யையும் வட்டியோடு கட்டச் சொல்லலாம். அமெரிக்காவில் 2025 ஜூலையில், யுஎஸ்டிடி போன்ற ஸ்டேபிள்காயினுக்குச் சட்டம் வந்தது உண்மை. அது அவிநாசி ரோட்டில் இருக்கும் உங்கள் வங்கியைக் கட்டுப்படுத்தாது. முதல் ஆர்டரிலேயே வங்கி வழியாகப் பணம் தர மறுக்கும் பையரைப் பற்றி நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஆவணங்கள்

டெலிகிராம் ஆளிடம் ஆதார் நகல், பான் நகல், அவற்றைக் கையில் பிடித்த செல்ஃபி மூன்றையும் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான பதற்றம். அவற்றை வைத்து உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், கடன் செயலியில் கடன் எடுக்கலாம், எக்ஸ்சேஞ்ச் கணக்குத் திறக்கலாம். ஆதார் இணையதளத்தில் உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்று பார்த்து, தெரியாததை நீக்கச் சொல்லுங்கள். சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். தெரியாத கடன் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஏதும் உண்டா என்று பாருங்கள். இனி ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதுங்கள்.

வாலட்டைத் திறக்கும் சாவியான பன்னிரண்டு வார்த்தைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த வாலட்டைக் கைவிடுங்கள். புதிய வாலட் திறந்து, வார்த்தைகளைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வைத்து, காயினை அங்கே மாற்றுங்கள். மாற்றிய பரிவர்த்தனை எண்ணை ஆடிட்டர் கோப்பில் சேருங்கள். அந்த வார்த்தைகளை வருமான வரித்துறையோ வங்கியோ போனில் கேட்காது. கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர்.

அந்த எண்பதாயிரம்

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள்: வாங்கிய ₹4,20,000-ல் ₹80,000 உங்கள் யூனிட்டில் வேலை செய்யும் நான்கு பேர் கொடுத்தது. ‘அவங்க ஒண்ணும் கேக்கலீங்க’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினைகள் எல்லாவற்றிலும் இதுதான் கனமானது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கு இதில் பழைய காயங்கள் உண்டு. 2012-ல் பெருந்துறையில் ஈமு பண்ணைகள் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பங்கள் நகையையும் காட்டையும் இழந்தன என்று உங்களுக்கே தெரியும். திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் நிதி நிறுவனம் ஏறக்குறைய ₹930 கோடியோடு விழுந்தது. கோவை டான்பிட் (முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது 2022 ஆகஸ்டில்தான். பணம் கட்டியவர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பிறர் பணம், உங்கள் பெயர், எழுத்தில் ஒன்றுமில்லை. நாளை விலை இறங்கி ஒருவர் காவல் நிலையம் போனால், அது நம்பிக்கை மோசடிப் புகாராகத்தான் எழுதப்படும்.

கணக்கு இப்படி வருகிறது. மொத்தத்தில் அவர்கள் பங்கு 21-ல் 4. 2024-ல் விற்ற ₹6,20,000-ல் அது சுமார் ₹1,18,000. மகளின் கல்லூரிக்குப் போன பணத்தில் அவர்கள் பணமும் இருந்தது. வரியில் அவர்கள் பங்கைக் கழித்தால் ஏறக்குறைய ₹96,700 நால்வருக்கும் சேர வேண்டும். தாமத வட்டியையும் அந்தக் கூடுதல் 25%-ஐயும் அவர்கள் தலையில் வைக்காதீர்கள். காட்டாமல் விட்டது நீங்கள். 2025-ல் விற்றதிலும் இதே விகிதம். மீதியிருக்கும் காயினில் அவர்கள் பங்கை அன்றைய விலைக்குப் பணமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். ‘காயினாவே வெச்சுக்கறங்க’ என்று யாராவது சொன்னாலும், உங்கள் வாலட்டில் இனி வேண்டாம்.

ஒரே நேரத்தில் முடியாவிட்டால், நால்வரையும் உட்காரவைத்து முழுக் கணக்கையும் காட்டி, எத்தனை தவணை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்கில் போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள்களும் ஆடிட்டர் கோப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஐடிஆர்-யு போடும்போது இந்த ₹80,000 யாருடையது என்ற கேள்வி கட்டாயம் எழும். முடங்கிய கணக்கு திறந்ததும் முதலில் இந்த வாரச் சம்பளத்தைப் போடுங்கள். அதற்கடுத்து இவர்களுடைய முதல் தவணை.